அனகாபுத்தூரில் இரண்டாம் ஓலை

தயாளன் சனிக்கிழமை காலை ரயிலில் வருகிறார் என்று தெரிந்த நாளிலிருந்து ஜெபராஜுக்கு ஒரே ஒரு கவலைதான். வருகிறவரை இரண்டு நாளும் வீட்டில் உட்காரவிடக் கூடாது. வீட்டில் உட்கார்ந்தால் பேச்சு வளரும். பேச்சு வளர்ந்தால் அது ஜெரூஷாவில் போய்த்தான் நிற்கும்.

தொலைபேசித் துறையில் கணக்கு அதிகாரியாக இருந்து ஓய்வு பெற்றவர் ஜெபராஜ். சேலையூரில் சொந்த வீடு. மனைவி ரத்தினபாய் போய்ச் சேர்ந்து நான்கு வருஷம் ஆகிறது. ஒரே மகள் ஜெரூஷா. ஆறு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம் அவள் எதிரில் வந்து நின்று, தன்னோடு வேலை பார்க்கும் அன்பு என்பவனைக் கல்யாணம் செய்துகொள்ளப் போவதாகச் சொன்னாள். அவன் குடும்பத்தைப் பற்றிச் சொல்ல வாயெடுத்தபோது ஜெபராஜ் கையை உயர்த்தினார்.

"எந்த ஊர், யார் வீட்டுப் பிள்ளை, ஒண்ணும் எனக்குத் தெரிய வேண்டாம். நம்ம குடும்பத்துல மாப்பிள்ளையப் பெரியவங்க பாப்பாங்க. பொண்ணு கூட்டிட்டு வந்து காட்டுறதில்ல."

அந்த வாரமே அவள் கீழ்க்கட்டளையில் ஒரு பெண்கள் விடுதிக்குப் போய்விட்டாள். பேருந்தில் ஏறினால் அரைமணி நேரத்துப் பாதை. அவளும் வரவில்லை, இவரும் போகவில்லை. தெருவில் கேட்டவர்களுக்கு, "ஆபீஸ் பக்கத்துல தங்கினா அலைச்சல் இல்லை" என்று சொல்லி வைத்திருந்தார்.

அதுவரைக்கும் மூடி வைக்க முடிந்தது. ஆனால் கல்யாணத்துக்கு முன்னால் மூன்று ஞாயிறு ஓலை வாசித்தாக வேண்டுமே. இன்னார் மகனுக்கும் இன்னார் மகளுக்கும் கல்யாணம் நடக்க இருக்கிறது, தடை இருந்தால் சொல்லுங்கள் என்று இருவரின் சபையிலும் ஆயர் அறிவிக்கிற வழக்கம் அது. ஆயர் மரியாதைக்காக வீடு தேடி வந்து ஜெபராஜிடம் முன்கூட்டியே சொன்னார்.

"வாசிங்க ஐயா. நான் தடை சொல்ல மாட்டேன். ஆனா கேக்கவும் மாட்டேன்" என்றார் ஜெபராஜ்.

சொன்னபடி முதல் ஓலை வாசித்த ஞாயிற்றுக்கிழமை காய்ச்சல் என்று படுத்துக்கொண்டார். இரண்டாம் ஓலைக்குத்தான் தயாளன் வந்து சேர்கிறார்.

தயாளன் பாளையங்கோட்டைக்காரர். ஜெபராஜ் அங்கே மாற்றலாகிப் போயிருந்த ஆறு வருஷமும் எதிர்வீடு, ஒரே ஆபீஸ். ஜெரூஷாவைச் சைக்கிளில் உட்காரவைத்துப் பள்ளிக்கூடத்தில் விட்டவர். நல்ல மனுஷன்தான். ஆனால் அவர் காதில் ஒரு சங்கதி விழுந்தால் மறுநாள் சாயங்காலத்துக்குள் ஊரில் யாருக்கும் தெரியாமல் இருக்காது. அந்த ஊரில் ஜெபராஜ் குடும்பம் என்றால் இன்றைக்கும் ஒரு மதிப்பு இருந்தது. அதையாவது காப்பாற்ற வேண்டும்.

தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கியதுமே தயாளன் நடைமேடை முழுக்கக் கேட்கும்படி, "என்னவே ஜெபராஜ், ஆள் பாதியாப் போயிட்டீரு!" என்றார். முப்பது வருஷப் பழக்கத்தில் அவர் 'வே' போட்டுத்தான் பேசுவார். ஜெபராஜ் இன்னும் 'நீங்க'விலிருந்து இறங்கியதில்லை.

"வாக்கிங் போறேன்."

"வாக்கிங் போனா மூஞ்சியுமா ஒட்டிப் போவும்? எங்க நம்ம பிள்ளை? மாமா வாரேன்னு சொல்லலியா?"

"பெங்களூர்ல ட்ரெயினிங். ஒரு மாசம்."

பொய் அத்தனை சுலபமாக வந்தது ஜெபராஜுக்கே பிடிக்கவில்லை. தயாளனின் பையை வாங்கிக்கொண்டு முன்னால் நடந்தார்.

வீட்டில் குளிக்கவும் மெஸ்ஸிலிருந்து வாங்கி வைத்திருந்த இட்லியைச் சாப்பிடவும் மட்டும்தான் நேரம் கொடுத்தார். தயாளன் கூடத்துச் சுவரில் ரத்தினபாயின் படத்துக்கு முன்னால் கொஞ்ச நேரம் நின்றார். "தங்கமான மனுஷி" என்றார். அடுத்து பக்கத்தில் இருந்த ஜெரூஷாவின் பட்டமளிப்புப் படத்துக்கு அவர் கண் திரும்பும்போது ஜெபராஜ் வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டு, "ஆட்டோ வந்துடுச்சு" என்று குரல் கொடுத்தார். உண்மையில் அது தெருமுனையைக்கூட அப்போது திரும்பியிருக்கவில்லை.

வண்டலூர் உயிரியல் பூங்காவில் நல்ல கூட்டம். வெள்ளைப் புலி முதுகைக் காட்டிப் படுத்திருந்தது. "இது நம்ம ஆபீஸ் ஹெட் கிளார்க் மாதிரில்லா இருக்கு" என்றார் தயாளன். ஜெபராஜ் வெகுநாளைக்குப் பிறகு வாய்விட்டுச் சிரித்தார். சிரித்த பிறகுதான், வீட்டில் இப்படி ஒரு சத்தம் கேட்டு எத்தனை காலமாயிற்று என்று தோன்றியது.

அந்த நேரம் பார்த்து, மனைவி குழந்தையோடு எதிரே வந்தான் ஃபிரெடி. சேலையூர் சபையில் பாடகர் குழுவில் பாடுகிறவன்.

"அங்கிள்! ப்ரைஸ் த லார்ட். போன வாரம் உங்களைத்தான் தேடினேன். ஜெரூஷா அக்காவுக்கு..."

"அம்மாவுக்கு முழங்கால் வலி எப்படிப்பா இருக்கு?" என்று ஜெபராஜ் குறுக்கே விழுந்தார்.

"அம்மாவா? நல்லா இருக்காங்க அங்கிள். இல்ல, அக்காவோட..."

"சுடுதண்ணி ஒத்தடம் கொடுக்கச் சொல்லு. வரட்டுமா?" தயாளனின் முழங்கையைப் பிடித்து நீர்யானைப் பக்கம் திருப்பிவிட்டார்.

"யாருவே அந்தப் பையன்? என்னமோ சொல்ல வந்தாம்லா?"

"நன்கொடை கேட்பான். எந்நேரமும் அதே வேலை."

நல்ல பையனை ஒரு நொடியில் வசூல்காரன் ஆக்கியாயிற்று. மத்தியானம் முழுக்க அது உறுத்திக்கொண்டே இருந்தது.

தயாளனுக்குப் பார்க்க வேண்டியது வேறாக இருந்தது. டிவியில் கண்டதையெல்லாம் நேரில் பார்க்க வேண்டும். திரிசூலம் ஸ்டேஷன் மேம்பாலத்தில் நின்று விமானம் இறங்குவதைப் பார்த்தார். ஒவ்வொன்றுக்கும் கழுத்தை வளைத்து, "வவுறு தெரியுது, வவுறு தெரியுது" என்றார். பிறகு, வெள்ளத்தில் படகு விட்ட முடிச்சூர் ரோட்டைப் பார்க்க வேண்டும் என்று பிடித்துக்கொண்டார். அங்கே போனால் அடுக்குமாடிகளும் மருந்துக்கடைகளும்தான் இருந்தன.

"இங்கனயா படகு விட்டாவ?" என்று ஆட்டோக்காரரைக் கேட்டார்.

"இன்னா சார், தண்ணி வந்த எடத்தப் பாக்கவா வந்துகினு கீறீங்க? அன்னைக்கே சொல்லிருந்தா இட்டுக்கினு வந்து வுட்டுருப்பேனே. எங்க வூட்லயே இடுப்பு மட்டும் நின்னுச்சு."

"அந்த ஆறு எங்க இருக்கு?"

"அடையாறா? இங்க வாய்க்கா மாதிரிதான் கீது. அனகாபுத்தூர் பக்கம் போனா நல்லா தெரியும்."

இருட்டிய பிறகு வீடு திரும்பினார்கள். தயாளனின் மனைவி போனில் அழைத்தாள். மாத்திரை போட்டீரா, மோர் குடித்தீரா, அவர் வீட்டில் என்ன சமையல் என்று கேள்வி மேல் கேள்வி. தயாளன் எல்லாவற்றுக்கும் சலித்துக்கொண்டே பதில் சொன்னார். ஜெபராஜ் அடுக்களையில் பாலைக் காய்ச்சியபடி கேட்டுக்கொண்டிருந்தார். மாத்திரை போட்டீங்களா என்று கேட்க அவருக்கும் ஆள் இருந்தது, ஆறு மாதம் முன்பு வரை.

"நாளைக்கு உம்ம கோயிலுக்குப் போவோம் வே" என்றார் தயாளன், போனை வைத்துவிட்டு. "பிள்ளை கொயர்ல பாடுத கோயில்லா. பாக்கணும்."

இதற்கும் ஜெபராஜ் பதில் தயாராக வைத்திருந்தார். "எங்க கோயில் சாதாரணமா எல்லா ஊர்லயும் இருக்கிற மாதிரிதான். நீங்க ஆறு பாக்கணும்னீங்களே. அனகாபுத்தூர்ல ஆத்தங்கரைல சின்னதா ஒரு கோயில் இருக்கு. வெள்ளத்துல மூழ்கி எழுந்த கோயில். அங்கேயே ஆராதனை பாத்துட்டு, ஆத்தையும் பாத்துட்டு வந்துடலாம்."

இதைக் கேட்டு தயாளன் சந்தோஷப்பட்டார். ஜெபராஜ் அந்தக் கோயிலுக்கு அதுவரை போனதில்லை. அவருக்குத் தெரிந்தவர்கள் யாருமே போனதில்லை. நெசவுத் தறிகளும் பழைய தோல் தொழிற்சாலைகளும் இருந்த சந்துகளுக்குள், சேலையூர்க்காரர்களுக்கு என்ன வேலை? அதனால்தான் அந்த இடம். அங்கே அவரை யாருக்கும் தெரியாது.

ஞாயிற்றுக்கிழமை காலை வெள்ளைச் சட்டை, கறுப்புப் பேண்ட், கழுத்துவரை போட்ட பொத்தான் என்று வழக்கம்போல் கிளம்பினார். பல்லாவரம், பம்மல் தாண்டி ஆட்டோ சந்துக்குள் நுழைந்ததும் தெரு இரண்டு பக்கமும் நெருங்கிக்கொண்டு வந்தது. கோயில் ஒரு பெரிய வீட்டளவுதான். ஆண்களுக்கு பிளாஸ்டிக் நாற்காலி, பெண்களில் பாதிப் பேர் பாயில். வெள்ளம் எட்டிய உயரத்தைச் சுவரில் நீலக் கோடு போட்டு வைத்திருந்தார்கள். தயாளன் போய் அதன் பக்கத்தில் நின்று பார்த்தார். கோடு அவர் தோளுக்கு வந்தது.

இரண்டு பேரும் பின்வரிசையில் உட்கார்ந்தார்கள். பாட்டு முடிந்தது, ஜெபம் முடிந்தது. ஜெபராஜுக்கு மனசு லேசாக இருந்தது. இதே நேரத்தில் சேலையூரில் ஓலை வாசித்துக்கொண்டிருப்பார்கள். மத்தியானம் சாப்பாடு, சாயங்காலம் ரயில், அதோடு தயாளன் போய்விடுவார். பாளையங்கோட்டையில் பெயர் பழையபடியே இருக்கும்.

இளவயது ஆயர் அறிவிப்புகளை வாசிக்கத் தொடங்கினார். பெண்கள் ஐக்கியக் கூட்டம், மருத்துவ முகாம். பிறகு வேறொரு தாளை எடுத்தார்.

"விவாக அறிவிப்பு. இரண்டாம் முறை. நம் சபையைச் சேர்ந்த காலஞ்சென்ற சாலமோன், திருமதி தபீதாள் ஆகியோரின் குமாரன் அன்பு. சேலையூர் சபையைச் சேர்ந்த திரு. ஜெபராஜ், காலஞ்சென்ற ரத்தினபாய் ஆகியோரின் குமாரத்தி ஜெரூஷா. இவர்கள் இருவருக்கும் விவாகம் நடத்த நிச்சயிக்கப்பட்டிருக்கிறது. இவர்கள் இணைவதற்கு நியாயமான தடை எதையாவது உங்களில் யாரேனும் அறிந்திருந்தால் இப்போதே தெரிவிக்கலாம்."

ஆயர் தாளிலிருந்து தலையை உயர்த்திச் சபையைப் பார்த்தார். மின்விசிறிகளின் சத்தம் மட்டும் இருந்தது. ஜெபராஜ் எதிரே இருந்த நாற்காலியின் முதுகைப் பார்த்துக்கொண்டிருந்தார். ஒரு வார்த்தை, எந்த ஊர் என்ற ஒரே ஒரு வார்த்தை, அன்று கேட்டிருந்தால் இன்றைக்கு வேறு திசையில் ஆட்டோ பிடித்திருப்பார். அவள் சொல்லத்தான் வந்தாள். கையை உயர்த்தியவர் அவர்.

தயாளன் மெதுவாகத் திரும்பினார். அந்த வாய் ஒன்றும் சொல்லாமல் இருந்ததை ஜெபராஜ் முதல் தடவையாகப் பார்த்தார்.

"நல்லது" என்றார் ஆயர். "இன்று நம்மோடு புதிதாக ஆராதிக்க வந்திருக்கிறவர்கள் எழுந்து பெயரும் ஊரும் சொல்லும்படி அன்போடு கேட்டுக்கொள்கிறேன்."

எல்லாத் தலைகளும் பின்வரிசைக்குத் திரும்பின. இந்த ஒரு சம்பிரதாயத்தை ஜெபராஜ் நினைத்தே பார்க்கவில்லை. சேலையூரில் வருஷக்கணக்காக அடுத்தவர்கள் எழுந்து நிற்பதைப் பார்த்து வந்தவர் அவர்.

தயாளன் எழுந்தார். "தயாளன். பாளையங்கோட்டை. ரிட்டயர்டு. ஊர் பாக்க வந்தேன்" என்றார். பக்கத்தில் இருப்பவரைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. உட்கார்ந்தவர், உதட்டை அசைக்காமல், "சும்மா இரும். நாஞ் சமாளிக்கேன்" என்று முணுமுணுத்தார்.

அதுதான் ஜெபராஜைச் சுட்டது. சமாளிப்பதா? தன் பெயரை மறைக்க இன்னொருவர் சமாளிப்பதா? வாடகை வீட்டில் இருந்தபோதும், மேலதிகாரி மிரட்டியபோதும், தன் பெயரைச் சொல்ல அவர் தயங்கியதில்லை. கோயிலுக்குள் உட்கார்ந்து, திருடனைப் போலத் தலையைக் குனிந்துகொள்ள முடியாது.

எழுந்தார். முதுகு நேராக நின்றது.

"ஜெபராஜ். சேலையூர்."

ஒரு கணம் யாருக்கும் புரியவில்லை. பிறகு பாயில் உட்கார்ந்திருந்த பெண்களிடையே ஒரு சலசலப்பு கிளம்பி முன்வரிசை வரை போனது. நீல நிறப் புடவை கட்டிய ஒரு பெண் வாயைப் பொத்திக்கொண்டு எழுந்தே நின்றுவிட்டாள். ஆயர் முகம் மலர, "பெண்ணின் தகப்பனாரே ஓலை கேட்க நம் சபைக்கு வந்திருக்கிறார். இது நமக்குக் கிடைத்த கனம்" என்றார். சபை கைதட்டியது.

ஜெபராஜ் உட்கார்ந்தார். கனம் செய்ய வந்ததாக நினைத்துவிட்டார்கள். எழுந்து மறுக்கவா முடியும்?

ஆராதனை முடிந்து வெளியே வருவதற்குள் நீலப் புடவைக்காரி வாசலில் காத்திருந்தாள். "வாங்க சம்பந்தி" என்றாள். கையைப் பிடிக்கலாமா என்று தயங்கி, கடைசியில் இரண்டு கைகளையும் கூப்பினாள். "நான் தபீதாள். அன்போட அம்மா. லெதர் கம்பெனில தையல் வேலை. நீங்க வருவீங்கன்னு தெரிஞ்சிருந்தா நல்லதா ஒரு பொடவ கட்டினு வந்திருப்பேன்."

சம்பந்தி என்று அவரை யாரும் அதுவரை கூப்பிட்டதில்லை. "பரவால்ல" என்றார்.

"ஆனா ஒண்ணு பாருங்க, எப்படி ஆச்சு பாருங்க!" தபீதாளுக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. "ஜெரூஷா உங்க கோயிலுக்கு இல்ல போயிருக்கா. போன வாரமும் போனா. அப்பா கண்டிப்பா வருவாரு, கோயிலத் தவறவே மாட்டாருன்னு, உங்க குடும்பம் உக்கார்ற வரிசையில போயி ஒக்காந்துகினு இருந்திருக்கா. நீங்க வரல."

"அவ மட்டுமா?"

"அன்பு கூடப் போவான். ஆனா உள்ள வர மாட்டான், ரோட்டுல வண்டிகிட்ட நின்னுகினு இருப்பான். அப்பா வந்தா என்னப் பாத்துக் கோவப்படக் கூடாதுன்னு."

போன ஞாயிறு காய்ச்சல் என்று போர்வையை இழுத்துப் போர்த்திப் படுத்திருந்த நேரம் ஜெபராஜுக்கு நினைவு வந்தது. வீட்டிலிருந்து நடக்கிற தூரத்தில் அவள் தனியாக உட்கார்ந்திருக்கிறாள். ஃபிரெடி அதைத்தான் சொல்ல வந்திருக்க வேண்டும்.

தபீதாள் அதற்குள் போனைப் போட்டுவிட்டாள். "இரும்மா, யார் பேசுறாங்கன்னு பாரு" என்று ஜெபராஜின் கையில் திணித்தாள். சுற்றிலும் பத்துப் பதினைந்து பேர் நின்றார்கள்.

"ஹலோ? யாரு?" என்றாள் ஜெரூஷா. பின்னால் சேலையூர்க் கோயில் வாசலின் இரைச்சல் கேட்டது. ஜெபராஜ் மூச்சு விடுகிற சத்தத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டாள் போல. "அப்பா?"

ஆறு மாதத்துப் பேச்சு பாக்கி இருந்தது. இத்தனை பேர் நடுவில் அதை எடுக்க அவரால் முடியவில்லை. தனியாக இருந்தாலும் முடிந்திருக்குமா என்பது சந்தேகம்தான்.

"தயாளன் மாமா வந்திருக்கார். பேசு" என்று போனை நண்பரிடம் கொடுத்துவிட்டார்.

தயாளன் போனை வாங்கிக் காதில் வைத்து, ஜெபராஜைப் பார்த்துக்கொண்டே, "ஏ பிள்ளை! பெங்களூர்ல மழையா?" என்றார். பிறகு சிரித்தார், அப்புறம் கண்ணைத் துடைத்துக்கொண்டார், அப்புறம் சைக்கிள் கதையெல்லாம் பேசினார். ஜெபராஜ் நாலு எட்டு தள்ளிப் போய், ஆற்றைப் பார்த்தபடி நின்றார். ஆகாயத்தாமரை அடைத்துக் கிடந்தது. நடுவில் கொஞ்சம் தண்ணீர் ஓடுகிறதா நிற்கிறதா என்று சொல்ல முடியவில்லை. அவர் மகள் பேசுகிறாள். பேசுவது வேறொருவரிடம்.

"வே!" என்று தயாளன் கூப்பிட்டார். "அடுத்த ஞாயிறு மூணாம் ஓலைக்கு அப்பா வருவாரான்னு கேக்கா."

சுற்றி நின்றவர்கள் எல்லோரும் ஜெபராஜ் பக்கம் திரும்பினார்கள்.

"நான் என் கோயிலுக்குப் போறதுக்கு யாரு கேக்கணும்? போவேன்" என்றார் ஜெபராஜ். கொஞ்சம் நிறுத்தி, சட்டைக் கையை இழுத்துவிட்டுக்கொண்டார். "அந்தப் பையன ரோட்டுல நிக்க வேண்டாம்னு சொல்லுங்க. நம்ம வீட்டுக்குச் சம்பந்தப்பட்டவன் ரோட்டுல நின்னா பாக்கறவங்க என்ன நினைப்பாங்க? உள்ள வந்து உக்காரச் சொல்லுங்க."

தயாளன் அதை வார்த்தை மாறாமல் போனில் சொன்னார். மறுமுனையில் என்ன பதில் வந்தது என்று ஜெபராஜ் கேட்கவில்லை. தபீதாள் டீ வாங்கி வர ஓடினாள்.

திரும்பி வரும்போது ஆட்டோ பம்மலைத் தாண்டியது.

"என்கிட்டகூடவா வே?" என்றார் தயாளன். "நான் தூக்கி வளத்த பிள்ளை. பெங்களூருன்னு சொல்லிட்டீரே."

"எங்க வீட்டு மானம்."

"உம்ம மானத்த நான் என்ன பையில போட்டா பாளையங்கோட்டைக்குக் கொண்டு போவப் போறேன்?"

"கொண்டு போவீங்க" என்றார் ஜெபராஜ்.

தயாளன் தாங்க முடியாமல் சிரித்துவிட்டார். "சரி, கொண்டு போவேன். ஆனா நல்லபடியாச் சொல்லுவேன். தகப்பனே எந்திச்சு நின்னு பேரச் சொன்னாம்னு சொல்லுவேன். அது பொய்யா?"

ஜெபராஜ் முகத்தைத் திருப்பிக்கொள்ளவில்லை.

சாயங்காலம் தாம்பரத்தில் ரயில் ஏற்றிவிட்டார். தயாளன் ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு, "கல்யாணத்துக்கு ரெண்டு பேரும் வாரோம். பத்திரிகை அனுப்பும். வராட்டியும் வருவோம்" என்று கத்திக்கொண்டே போனார். ரயிலின் வால் மறைகிறவரை ஜெபராஜ் நடைமேடையில் நின்றார்.

வெளியே வந்தபோது கீழ்க்கட்டளை போகும் பேருந்து ஒன்று புறப்படத் தயாராக உறுமிக்கொண்டிருந்தது. உள்ளே உட்கார இடமும் இருந்தது. கண்டக்டர் அவரைப் பார்த்து, "சார், ஏறுறீங்களா?" என்றார்.

"இல்ல" என்றார். அழைக்காத இடத்துக்கு, அதுவும் பெண்கள் விடுதி வாசலுக்கு, இந்த வயதில் போய் நிற்பது சரியாக வராது. ஞாயிறு என்று சொல்லியாயிற்று. சொன்ன நாளில் சொன்ன இடத்தில் இருப்பார்.

பேருந்து போன பிறகு அவர் மெஸ்ஸில் ஒரே ஒரு பொட்டலம் வாங்கிக்கொண்டு சேலையூருக்கு நடந்தார். வீட்டைத் திறந்து விளக்கைப் போட்டார். சனி, ஞாயிறு இரண்டு நாளும் தயாளனின் சத்தத்தில் நிறைந்திருந்த கூடம் இப்போது முன்னைவிடப் பெரிதாகத் தெரிந்தது. பொட்டலத்தை மேஜைமேல் வைத்துவிட்டு நாற்காலியில் உட்கார்ந்தார். அடுத்த ஞாயிற்றுக்கு இன்னும் ஒரு வாரம் முழுசாகக் கிடந்தது.